மந்தமான போனுக்கும் தூர் வார வேண்டும்

வடகிழக்குப் பருவமழையில் வீராணம் ஏரி முழு அளவான 47.50 அடியை நெருங்கும்போது, லால்பேட்டையில் வெள்ளியங்கால் ஓடை வழியாக உபரி நீர் திறக்கப்படுவது வழக்கம். ஓடையை ஒட்டிச் சம்பா நட்டவருக்கு அந்தத் தகவல் உரிய நேரத்தில் கிடைக்க வேண்டும். கையில் போன் இருந்தும், திறக்கவே ஐந்து நிமிடம் பிடித்தால் என்ன பயன்? 2018-ல் வந்த உழவன் செயலிக்கும் இதே கதிதான்.

உடனே புதுப்போன் வாங்கத் தேவையில்லை. பெரும்பாலும் கோளாறு, நினைவகம் நிரம்பியிருப்பதே. வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பும் வீடியோக்களும் காலை வணக்கப் படங்களும் வாட்ஸ்அப்பில் தாமாக இறங்கி, வாய்க்காலில் வண்டல் போலத் தங்கிவிடுகின்றன. முதலில் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்த வேண்டும். பட்டா, பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, பிறகே வேண்டாதவற்றை அழிக்கலாம். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது காலியாக இருத்தல் நலம்.

பயன்படாத செயலிகளை நீக்கவும். 'கேச்' அழிப்பதால் தீங்கில்லை. அருகிலுள்ள 'டேட்டா'வை அழித்தால் செயலியில் பதிந்தவை போய்விடும், கவனம். வாரம் ஒருமுறை போனை அணைத்துப் போடவும். வேகம் கூட்டுவதாக விளம்பரம் செய்யும் செயலிகள் பில் இல்லாமல் விற்கும் பூச்சிமருந்து மாதிரி. அவற்றை நம்பி இறக்க வேண்டாம்.