தாளில் பனிப்பூ வெட்டுவோம்: வகுப்பறைக்கு ஒரு நடவடிக்கை

ஆண்டிறுதித் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் முன் வருகிற சில நாள்கள் எப்படி இருக்கும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். பாடமும் நகராது, பிள்ளைகளும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார்கள். அந்த நாள்களில் நான் வெள்ளைத் தாளில் பனிப்பூ வெட்டும் வேலையைக் கையில் எடுப்பேன். "சிங்கப்பூர்ல ஏது டீச்சர் பனி?" என்று என் உயர்நிலை 1 மாணவர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். 24 டிகிரிக்கு இறங்கினாலே ஜாக்கெட் தேடுகிற ஊர் நம் ஊர். ஆனால் பாடமே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

தமிழ் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் இரண்டு பனிக்கு உரியவை. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. அந்தப் பனி புல்நுனியில் நிற்கும் துளி, விடியற்காலையில் தெருவை மறைக்கும் மூட்டம். டிசம்பரில் கொரியாவுக்குச் சுற்றுலா போய்வந்த மாணவர் கையில் அள்ளி உருட்டியது வேறு. அதற்கு வெண்பனி என்று சொல்லலாம், அது விழுவதைப் பனிப்பொழிவு எனலாம். மழையோடு கட்டியாக விழுந்தால் ஆலங்கட்டி. 2013 ஜூன் மாதம் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் அது விழுந்தே இருக்கிறது! அதே மாதம் நாம் முகக்கவசம் போட்டுத் திரிந்தது புகைமூட்டத்தால். கட்டுரையில் அதைப் 'பனிமூட்டம்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேர்வு எழுதும் மாணவர்களே, இந்த ஒரு சொல்லில் கவனமா இருங்க.

சரி, தாளுக்கு வருவோம். சாதாரண ஏ4 தாள் போதும், ஓரத்தை வெட்டி 21 செ.மீ. சதுரமாக்கிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். அதை நடுவில் மடித்தால் சிறிய முக்கோணம். இப்போது செங்கோணம் இருக்கும் முனைதான் விரித்த தாளின் நடுப்புள்ளி. அந்த 90 பாகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முன்னால் மடித்து, மறுபக்கத்தைப் பின்னால் மடியுங்கள். இரண்டு ஓரமும் சரியாகப் பொருந்தினால் ஒவ்வொன்றும் 30 பாகை. மொத்தம் 12 அடுக்கு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளை நறுக்கிவிட்டு, இரு ஓரங்களிலும் வேண்டிய வடிவங்களை வெட்டலாம். ஓர் ஓரத்து வெட்டு மறு ஓரத்து வெட்டைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் பூ இரண்டாகக் கழன்று விழும்.

முதல் ஆண்டு நானே சறுக்கினேன். செங்கோணத்தை மூன்றாகப் பிரிக்காமல் பாதி, மறுபடியும் பாதி என்று மடித்துக் காட்டிவிட்டேன். வகுப்பே எட்டு முனைப் பூவைத் தூக்கிக் காட்டியது. பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி, தமிழ் வகுப்பில் அதுவரை வாயே திறக்காதவள், "டீச்சர், உண்மையான பனிக்கு ஆறுதானே வரும்?" என்றாள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை. அறிவியல் பாடத்தில் படித்தது போலும். "நீயே வந்து சொல்லிக் குடும்மா" என்று கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டேன். "மொதல்ல இப்படி மடிங்க... இல்ல இல்ல, அந்தப் பக்கம்" என்று மேசை மேசையாகப் போனாள். கையில் தாள் இருந்ததால் தேவையான சொல் தானாக வந்தது. வராத இடத்தில் மடித்தே காட்டினாள். வாய்மொழித் தேர்வுக்காக நான் நடத்திய பயிற்சிகளில்கூட அவள் அவ்வளவு பேசியதில்லை.

அவள் சொன்னதும் சரி. தண்ணீர் உறையும்போது மூலக்கூறுகள் அறுகோண அமைப்பில் அடுக்கிக்கொள்கின்றன, அதனால் படிகமும் ஆறு பக்கமாக வளர்கிறது. ஏன் ஆறு என்று வானியலாளர் கெப்ளர் 1611லேயே ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885இல் நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்துப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார், வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். அந்தப் படங்களில் சிலவற்றை முதலில் காட்டிவிட்டு மடிக்கச் சொன்னால் எட்டு முனை வராது.

இனி இலக்கணம். மடித்தேன், மடிந்தது. கிழித்தேன், கிழிந்தது. பிரித்தேன், பிரிந்தது. செயப்படுபொருள் குன்றா வினையும் குன்றிய வினையும் ஒரே தாளில் கிடைக்கின்றன. "யாரு கிழிச்சது?" என்று கேட்டுப் பாருங்கள். "தானா கிழிஞ்சிருச்சு டீச்சர்" என்றுதான் பதில் வரும். பழியைத் தள்ளிவிட எந்த வினை வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை! ஆனால் "தாள் கிழித்தது" என்று எழுதிவிடுகிறார்கள். எழுத்தில் அதை அங்கேயே திருத்திவிடலாம். பேசிய கட்டளைகளையும் அப்படியே எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். "ஓரத்தோட ஓரம் சேத்து மடிங்க" என்பது "ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடியுங்கள்" ஆகும். பனி, பணி வேறுபாட்டையும் விட்டுவிடாதீர்கள். 'பணி பெய்தது' என்று படித்தால் வானத்திலிருந்து வேலை கொட்டும்.

நம் ஊர் ஈரக் காற்றில் தாள் சீக்கிரம் சுருண்டுவிடும். வெட்டிய பூவை ஓர் இரவு கனமான புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மறுநாள் சன்னலில் ஒட்டுங்கள். வெள்ளைத் தாள் தீர்ந்துபோய் ஒருமுறை சீனப் புத்தாண்டுக்கு வைத்திருந்த சிவப்புத் தாளில் வெட்டினோம், அதுவும் அழகாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் மறக்காதீங்க. வெட்டத் தொடங்கும் முன் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் வகுப்பறைக்குள்ளேயே பனிப்பொழிவு, கூட்டிப் பெருக்குவது நீங்கள்தான்.