சுவரைக் கட்டிப் பிடிக்கும் செங்கல்

இண்டூரில் புது வீடு எழும்பும்போது, பூச்சு வேலை தொடங்குமுன் அதன் ஒன்பது அங்குலச் சுவரைச் சற்று நின்று பாருங்கள். ஒரு வரிசையில் செங்கற்களின் நீளப் பக்கம் தெரியும். அடுத்த வரிசையில் அவற்றின் சிறிய முனை மட்டும் தெரியும். இப்படி வரிசை மாற்றி வரிசை வைப்பதற்கு ஆங்கிலக் கட்டு என்று பெயர். கொத்தனார் ஏன் இவ்வாறு வைக்கிறார்?

செங்கல்லின் நீளம் ஏறத்தாழ 9 அங்குலம். அகலம் அதில் பாதி. நீளவாட்டில் வைத்தால் சுவரின் கனத்துக்கு இரண்டு கற்கள் வேண்டும். எல்லா வரிசைகளையும் அப்படியே வைத்தால், சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே இணைப்பு ஓடும். பார்வைக்கு அது ஒரு சுவர். உண்மையில் ஒட்டி நிற்கும் இரண்டு மெல்லிய சுவர்கள். குறுக்கே வைக்கும் கல்தான் அவ்விரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது.

இந்தக் கல்லில் ஏமாற்றினால் என்ன ஆகும்? விடை லண்டனில் இருக்கிறது.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அந்நகரின் மர வீடுகள் ஆயிரக்கணக்கில் எரிந்தன. இனி வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ இருக்க வேண்டும் என்று 1667இல் சட்டம் வந்தது. அடுத்த நூற்றாண்டில், ஒன்றோடொன்று ஒட்டிய மாடி வீடுகள் தெருத் தெருவாக எழுந்தன. முகப்பில் ஒரே வரிசையில் நீளக்கல், குறுக்குக்கல் என மாறி மாறி வரும் 'பிளெமிஷ் கட்டு' அழகு சேர்த்தது.

முகப்புக்கான நல்ல செங்கல் விலை அதிகம். ஆகவே சில கட்டடக்காரர்கள் அதை இரண்டாக உடைத்து, குறுக்குக்கல் போல் முனையை மட்டும் காட்டி வைத்தார்கள். ஒரு கல்லில் இரண்டு முனைகள் கிடைத்தன! ஆனால் முகப்புக்கும் உட்சுவருக்கும் பிடிப்பு குறைந்தது. மேலும், உட்சுவரின் இணைப்புகளில் சுண்ணாம்புக் காரை தடிமனாக இருந்ததால், பாரத்தில் அது கூடுதலாக அமுங்கியது. நாளடைவில் முகப்பு வெளியே புடைத்தது. அத்தகைய சுவர்களில் இன்று துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளால் பிணைக்கிறார்கள்.

நீங்களே சோதிக்கலாம். 2 அங்குல நீளம், 1 அங்குல அகலத்தில் களிமண் கற்கள் செய்து காயவையுங்கள். குறுக்குக்கல் இல்லாமல் ஒரு சுவர், ஆங்கிலக் கட்டில் ஒரு சுவர் அடுக்குங்கள். மேலிருந்து நடு இணைப்பில் அடிக்கோலைச் செருகுங்கள். முதல் சுவரில் அது அடிவரை இறங்கும். இரண்டாவதில் முதல் குறுக்குக்கல்லே தடுத்துவிடும்.

பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும். சுவரின் வலுவைப் பார்க்க வேண்டிய நேரம், அது எழும்பும் நேரமே.