பறக்கும் தட்டா, விடிவெள்ளியா?

இரவில் மாமல்லபுரம் கடலுக்கு மேலே புதிதாக ஓர் ஒளி தெரிந்தால், "பறக்கும் தட்டு!" என்று கூவுவோம். எல்லையில் காவல் நிற்கும் ராணுவ வீரர் அப்படிக் கூவிவிட்டு இருந்துவிட முடியுமா? அது உளவு விமானமாக இருந்தால்?

லடாக்கில் இப்படித்தான் நடந்தது. 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை, சீன எல்லையை ஒட்டிய ஓர் ஏரிக்கு மேலே மர்ம ஒளிகளை 329 முறை பார்த்ததாக நம் வீரர்கள் குறித்து வைத்தார்கள். அவற்றில் 155 முறை எல்லைக்கோட்டைத் தாண்டி வந்ததாகவும் பதிவு செய்தார்கள். ஆளில்லா உளவு விமானமோ என்று சந்தேகம் எழுந்தது. அவசரப்பட்டுச் சுட்டால் சண்டை மூளும். கண்டுகொள்ளாமல் விட்டால் நாட்டுக்கு ஆபத்து. என்ன செய்வது?

ராணுவம் பெங்களூருவிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் உதவியைக் கேட்டது. நம் காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். அந்த ஒளிகள் நட்சத்திரங்களை ஒட்டி எப்படி நகர்கின்றன என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். விடை கிடைத்தது. ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி! உயரமான லடாக்கில் காற்று அடர்த்தி குறைவு. அதனால் கோள்கள் அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும்.

எல்லாப் புதிருக்கும் இப்படி விடை கிடைப்பதில்லை. 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு அருகே அடையாளம் தெரியாத பொருள் ஒன்று தென்பட்டது. சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டன. விமானப்படையும் உஷாரானது. பிறகு அது கண்ணில் படவே இல்லை. அமெரிக்க விமானப்படை 1969 வரை விசாரித்த 12,618 தகவல்களில் 701க்கு விடை தெரியவில்லை. விடை தெரியவில்லை என்றால் வேற்றுக்கிரகவாசி வந்தார் என்று பொருளல்ல. போதிய சான்று இல்லை என்றே பொருள்.

நம் செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரையில்தான் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கிறது. ஆகவே வானத்தைக் கவனிப்பது நமக்கும் முக்கியம்தான். நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒரு தென்னை மரத்தின் உச்சியை அடையாளமாக வைத்து, அரை மணிக்கு ஒருமுறை ஒளியின் இடத்தைக் குறியுங்கள். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்ந்து மெல்ல நகர்ந்தால் அது கோளாக இருக்கலாம். சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் தெரிந்தால் விமானம். மினுக்காமல் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள்.

தேதி, நேரம், திசை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். லடாக் புதிருக்கும் கவனமாக ஆராய்ந்ததால்தான் விடை கிடைத்தது!