பெரும்பாலான பைக்குகளில் கியருக்கென்று தனி ஆயில் கிடையாது, தெரியுமா?

உங்கள் பைக்கில் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றும் மூடி எங்கே இருக்கிறது, தேடிப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்ப்ளெண்டர், பல்சர், அப்பாச்சி, இன்றைய புல்லட் எதில் தேடினாலும் கிடைக்காது! எஞ்சினுக்கு ஊற்றுகிறோமே, அதே ஆயில்தான் கியருக்கும் கிளட்சுக்கும். ஸ்ப்ளெண்டரில் அது ஒரு லிட்டர்கூட இல்லை. அந்தக் கொஞ்ச ஆயில்தான் பிஸ்டனின் சூட்டை வாங்கி, கியர் பற்களுக்கு நடுவே நசுங்கி, கிளட்ச் பிளேட்டுகளையும் நனைத்துவிட்டு மறுபடி மேலே ஏறுகிறது. பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸ் தனி, அதன் ஆயிலும் தனி. 1959இல் வந்த பிரிட்டிஷ் மினி கார் அபூர்வமான விதிவிலக்கு. அதில் எஞ்சினுக்கு அடியிலேயே கியர்பாக்ஸை வைத்து, இரண்டுக்கும் ஒரே ஆயிலைக் கொடுத்தார்கள்!

இதில் இன்னும் பெரிய வியப்பு ஒன்று உண்டு. கியருக்கு ஆயில் வழுக்க வேண்டும். கிளட்சுக்கோ வழுக்கவே கூடாது! வெட் கிளட்ச் எப்போதும் ஆயிலில் ஊறியபடியேதான் பிடிக்கிறது. அதனால்தான் மைலேஜுக்காக வழவழப்பைக் கூட்டிய கார் ஆயிலை பைக்கில் ஊற்றினால் பிளேட்டுகள் பிடிமானம் இழக்க வாய்ப்பு உண்டு. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் சத்தம் ஏறும், வண்டி ஏறாது. முதலில் தெரிவது மேட்டில், பின்னால் ஆள் இருக்கும்போது. இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பான்காரர்கள் 1998இல் ஃபோர் ஸ்ட்ரோக் பைக் ஆயிலுக்கான ஜாசோ தரக்குறியைக் கொண்டுவந்தார்கள். எம்ஏ, எம்ஏ2 என்று இருந்தால் வெட் கிளட்ச் பைக்குக்கு. எம்பி என்றால் கிளட்ச் ஆயிலில் ஊறாத ஸ்கூட்டர் போன்ற வண்டிகளுக்கு. டப்பாவின் பின்பக்கத்தில் சின்னக் கட்டத்துக்குள் அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுத்தாலும் அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஆயிலை கியர் வெட்டுகிறது, தெரியுமா? நிஜமாகவே வெட்டுகிறது! சூட்டில் நீர்த்துப்போகாமல் இருக்க ஆயிலில் நீண்ட பாலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். கியர் பற்கள் நசுக்க நசுக்க அந்த இழைகள் துண்டு துண்டாகி, ஆயில் மெலிந்துவிடுகிறது. எஞ்சின் சத்தம் மாறுவதற்கு முன்பே பலருக்குக் காலில் தெரிந்துவிடும்: கியர் ஹார்டாக விழும், சிக்னலில் நின்றபடி நியூட்ரல் தேடினால் கிடைக்காது. ஆனால் ஆயிலை மாற்ற ஓடுவதற்கு முன் கிளட்ச் லீவரின் நுனியை ஆட்டிப் பாருங்கள். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆட்டம் இல்லை, அல்லது அதைவிட மிக அதிகம் என்றால் கேபிளைச் சரிசெய்தாலே பல நேரங்களில் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஒரு துளிகூட வெளியே ஒழுகாமல் கியர் ஆயில் மாயமாக மறைவதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் டூ டி ஆயில் பெட்ரோலோடு எரிந்துபோகும், கியருக்குத் தனி அறை, தனி ஆயில். இரண்டு அறைகளுக்கும் நடுவே, கிராங்கின் கிளட்ச் பக்கத்தில், காவலாக நிற்பது ஒரு ரப்பர் சீல். அது தேய்ந்துவிட்டால், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் உருவாகும் உறிஞ்சல் கியர் ஆயிலை இழுத்து எஞ்சினுக்குள் கொண்டுபோய் எரித்துவிடும்! அடர்ந்த வெள்ளைப் புகை, கறுத்து நனைந்த பிளக், தரையிலோ ஒரு சொட்டு இல்லை. ஆயில் மாற்றும்போது வடிவதை அளந்து பாருங்கள். ஊற்றிய அளவு திரும்பி வரவில்லையென்றால் சீலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

1955 முதல் சென்னையில் உருவான பழைய புல்லட்டுக்கு மூன்று இடத்தில் ஆயில்! எஞ்சினுக்கு ஒன்று, பிரைமரி செயின் கேஸுக்கு ஒன்று, ஆல்பியன் என்ற நிறுவனத்தின் வடிவமைப்பில் அமைந்த கியர்பாக்ஸுக்கு ஒன்று. ஹார்லியின் பெரிய வண்டிகளிலும் இதே மூன்று கணக்குதான். பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸரில் கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், பின்சக்கர கியர் என்று எஞ்சினைத் தாண்டியே மூன்று இடங்கள். இன்னொன்று: 90 கியர் ஆயில் என்றதும் 40 எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்கிறோம் அல்லவா? இல்லவே இல்லை! இரண்டுக்கும் அளவுகோலே வேறு. 90 கியர் ஆயிலின் கெட்டி ஏறத்தாழ 40, 50 எஞ்சின் ஆயிலின் கெட்டிதான். கவனிக்க வேண்டியது அதில் கலந்துள்ள கந்தகச் சேர்மங்களை. ஜிஎல்-5 வகையில் அவை அதிகம், பழைய கியர்பாக்ஸின் வெண்கலப் புஷ்ஷை அரித்துவிடக்கூடும்.

ஆக்டிவா ஸ்கூட்டரிலும் கியர் ஆயில் உண்டு, தெரியுமா? பின்சக்கரத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் சுமார் 120 மில்லி. எஞ்சின் ஆயிலை ஒழுங்காக மாற்றும் பலர் இதை வருடக்கணக்கில் தொடுவதே இல்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். அப்படி நின்ற பைக்கை ஆர்வத்தில் ஸ்டார்ட் செய்துவிடவே கூடாது! எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். புகுந்திருந்தால், டிப்ஸ்டிக்கை உருவும்போது ஆயில் பால் டீ நிறத்தில் வரும். வடித்து, புதிதாக ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, மறுபடி வடித்தாக வேண்டும்.

ஸ்ப்ளெண்டரில் பேப்பர் ஃபில்டரே கிடையாது என்பது தெரியுமா? கிராங்கின் நுனியில் சுழலும் ஒரு கிண்ணம், உலோகத் துகளையும் கசடையும் விசிறி சுவரில் ஒட்டவைத்துவிடுகிறது! கிளட்ச் கவரைக் கழற்றிச் சுரண்டினால் கறுத்த கசடு அடை அடையாக வரும். வடித்த ஆயிலையும் வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவாக இருந்தால் இயல்பான தேய்மானம். விரல் நகத்தில் சிக்கும் துண்டு என்றால் பல் உடைந்திருக்கலாம். தங்க நிறத்தில் மினுங்கினால் புஷ் தேய்ந்துகொண்டிருக்கலாம்.

அளவு பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம். ஸ்ப்ளெண்டரில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை ஓடவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து உள்ளே விட வேண்டும், ஆனால் திருகக் கூடாது! திருகிவிட்டால் குச்சி ஆழமாக இறங்கி, குறைந்த ஆயிலையும் நிறைந்ததாகக் காட்டும். ஆயில் மாற்றும்போது டிரெயின் போல்ட் வாஷரையும் புதிதாகக் கேட்டுப் போடுங்கள். பழைய வாஷர் ஒழுகுகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் இறுக்கித்தான் பலருடைய அலுமினிய கிராங்க்கேஸில் மரை போகிறது.