பருவத்துக்கு வரும் பணம், மாதா மாதம் வரும் பில்

சேர்வராயன் மலையில் பணத்துக்கும் பருவம் உண்டு. நவம்பர் வாக்கில் காபிப் பழம் பறிப்பு தொடங்கும். அதை விற்றால்தான் தோட்டக்காரர் கையில் காசு புரளும். பிறகு மிளகு. மே மாதம் கோடை விழாக் கூட்டம் மலையேறினால் விடுதிக்காரருக்கும் கடைக்காரருக்கும் வருமானம். சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இம்மலையிலுள்ள ஏற்காட்டின் வரவு செலவு மழையையும் மகசூலையும் நம்பியே நடக்கிறது. “காபி வித்ததும் தர்றேன்” என்றால் தெரிந்த கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார்.

கிரெடிட் கார்டில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. காபி பூக்க உதவும் பூ மழை பெய்தாலும் பொய்த்தாலும் பில் மாதா மாதம் வந்துவிடும். ஆகவே பருவ வருமானத்தில் வாழ்பவர்கள் கார்டு வாங்கும் முன் சில விஷயங்களைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு தேதிகள்

பில் போடும் நாள் ‘ஸ்டேட்மென்ட் தேதி’. பணம் கட்டக் கடைசி நாள் ‘டியூ டேட்’. உங்கள் பில் 5ஆம் தேதி, கெடு 25ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். நவம்பர் 6 அன்று வாங்கிய பொருள் டிசம்பர் 5 பில்லில்தான் வரும். டிசம்பர் 25க்குள் கட்டினால் போதும். 49 நாள் வட்டியில்லாக் கடன். அதையே நவம்பர் 4 அன்று வாங்கினால் நவம்பர் 25க்குள் கட்ட வேண்டும், 21 நாள்தான். விளம்பரத்தில் சொல்லும் ‘50 நாள் வரை’ என்பதில் ‘வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. முந்தைய பில்லில் பாக்கி வைத்திருந்தால் இந்த வட்டியில்லாக் காலமே கிடையாது. பாக்கி தீரும்வரை, புதிதாக வாங்கும் மருந்துக்கும் மளிகைக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

குறைந்தபட்சத் தொகை

பில்லில் இரண்டு தொகைகள் இருக்கும்: ‘டோட்டல் டியூ’ மொத்தப் பாக்கி, ‘மினிமம் டியூ’ இப்போதைக்குக் கட்டியாக வேண்டிய குறைந்தபட்சத் தொகை. கையில் பணத் தட்டுப்பாடு உள்ள மாதத்தில் இரண்டாவது தொகை ஆறுதலாகத் தெரியும். ஆபத்து அங்கேதான்.

40,000 ரூபாய்க்கு ஒரு மோட்டார் வாங்குகிறீர்கள். மாத வட்டி 3.5 சதவீதம், நீங்கள் கட்டும் குறைந்தபட்சம் 2,000 ரூபாய். ஒரு மாத வட்டியை மட்டும் கணக்கிட்டாலே 1,400 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 252 ரூபாய். நீங்கள் கட்டிய 2,000இல் அசலுக்குப் போவது 348 ரூபாய்தான். அடுத்த மகசூல்வரை இப்படியே ஓட்டினால் அசல் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு 42 சதவீதம். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. அந்த உச்சவரம்பு இனி உங்களைக் காக்காது. முழுப் பாக்கியையும் கெடுவுக்குள் கட்டும் பழக்கம்தான் காக்கும்.

ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைப் போட்டு ஆள்கூலிக்குப் பணம் எடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி. தனிக் கட்டணமும் சேரும்.

கிசான் கார்டு வேறு

1998இல் தொடங்கிய கிசான் கிரெடிட் கார்டைப் பலர் சாதாரண கிரெடிட் கார்டோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது விவசாயக் கடனுக்கானது. பயிர் அறுவடையாகி விற்பனையாகும் காலத்தை ஒட்டியே திருப்பிக் கட்டும் கெடு அமையும். 2025 ஜனவரி முதல் 2 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. எந்தப் பயிருக்கு எவ்வளவு கிடைக்கும், வட்டிச் சலுகை உண்டா என்பதை வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நேரில் கேளுங்கள். உரத்துக்கும் கூலிக்கும் கடன் தேவைப்படுகிறவர் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான்.

உங்கள் உரிமைகள்

ரிசர்வ் வங்கியின் விதிகள் கிரெடிட் கார்டு வைத்திருப்பவருக்குப் பலம் தருபவை. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது. பில் வந்த பிறகு பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரமாவது கிடைக்க வேண்டும். பில் சுழற்சித் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளலாம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

கார்டின் பின்புறமுள்ள மூன்று இலக்க சிவிவி எண்ணையும் ஓடிபியையும் வங்கி அதிகாரி என்று சொல்லிக் கேட்பவருக்கும் தரக் கூடாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கார்டு வேண்டாம் என்பதல்ல என் வாதம். அவசரத்துக்கு அது உதவும். ஒழுங்காகக் கட்டினால் கடன் நாணயத்தைக் காட்டும் சிபில் மதிப்பெண் உயர்ந்து நாளை வீட்டுக்கடனுக்கும் துணை நிற்கும். ஆனால் மகசூலை நம்பிச் செய்யும் செலவுக்கு மகசூல்வரை காத்திருக்கும் கடனே பொருந்தும். அடுத்த பில்லின் கெடுவுக்குள் கட்டப் பணம் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த செலவுக்கு மட்டும் கிரெடிட் கார்டை நீட்டுங்கள்.