கணக்குக் காட்டாதவரின் மைத்துனர்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் பட்டு எடுத்து, ஏகாம்பரநாதரையும் வரதரையும் தரிசித்துத் திரும்புகிற வெளியூர்க்காரர்கள் உத்திரமேரூர் வரை போவது அபூர்வம். முப்பது கிலோமீட்டருக்குள்தான். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் கருங்கல் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை வகுத்துக்கொண்ட தேர்தல் விதிகள் வெட்டப்பட்டிருக்கின்றன. முதல் ஏற்பாடு 919-இல். அதைத் திருத்தி இறுக்கியது 921-இல். இடையே இரண்டே ஆண்டுகள்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிந்திருந்தது. குடவோலையில் பெயர் எழுத, வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள். கடந்த மூன்று ஆண்டுகளில் சபையின் எந்த வாரியத்திலும் (குழுவிலும்) இருந்திருக்கக் கூடாது. பிறர் பொருளைத் திருடியவருக்கு இடமில்லை. எல்லாவற்றையும்விட என்னை நிறுத்தி வைப்பது கணக்கு பற்றிய விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவரோடு முடியவில்லை: அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மருமகன், மைத்துனர், சகோதரியின் கணவர், அத்தை பிள்ளைகள், பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்று பட்டியல் நீள்கிறது. ஒருவர் தின்றதை இன்னொருவர் பதவியில் அமர்ந்து மூடி மறைப்பார் என்பது அந்தச் சபைக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றும் கணக்குக்கு ஒரு விதி உண்டு. சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால், தேர்தல் ஆணையம் அவரை மூன்று ஆண்டுகளுக்குத் தகுதி நீக்கம் செய்யலாம். அவரை மட்டும். மனைவியோ மகனோ மைத்துனரோ அடுத்த தேர்தலில் அதே தொகுதியில் நிற்கத் தடையில்லை. அதுவும், ஜெயிப்பதற்காக அவர் செலவழித்த பணத்தின் கணக்கு. பதவியில் இருந்தபோது கையாண்ட ஊர்ப்பணத்தின் கணக்கு அல்ல.

அன்று ஓலைகளைக் குடத்தில் இட்டு, முதியவர் ஒருவர் எல்லாரும் பார்க்கும்படி குடத்தைத் தூக்கிக் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் ஓலை ஒன்றை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்க வேண்டும். உள்ளங்கையில் வேறு ஓலையை ஒளித்து வைக்க இடம் கொடுக்காத ஏற்பாடு. அவர் வாசித்த பெயரை அங்கிருந்த கோயில் நம்பிமார் அனைவரும் மறுபடி வாசிக்க வேண்டும். இன்று பூத்துக்குள் நாம் போடும் ஓட்டை யாரும் பார்க்க முடியாது. அது பெரிய காவல். பணம் கைமாறுவது பூத்துக்கு வெளியே. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் அப்போது காஞ்சிக்குப் பக்கத்து மாவட்டமாக இருந்த வேலூரிலும் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்த வேண்டியிருந்தது.

பழையதைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் பெயர்கள்தான் அந்தக் குடத்துக்குள் போயின. நெய்தவருக்கும் உழுதவருக்கும், எந்தப் பெண்ணுக்கும் அதில் ஓலை இல்லை. இன்று உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு; பட்டியல் சாதியினருக்குத் தனி இடங்கள். தறியில் உட்காருகிறவர் தலைவர் நாற்காலியில் உட்காரலாம். ஆயிரம் ஆண்டுகளில் கிடைத்த இந்த லாபத்தை எதற்காகவும் விட்டுக்கொடுக்க முடியாது.

அதனால்தான் 2016-க்குப் பிறகு நடந்தது இன்னும் உறுத்துகிறது. அந்த அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் குறை சொல்லித் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் நடத்தியிருக்கலாம். அரசு மூன்று ஆண்டுகள் இழுத்தது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தபோதும், மாவட்டப் பிரிப்பைக் காரணமாக்கிக் காஞ்சிபுரம் உட்பட ஒன்பது மாவட்டங்கள் விடுபட்டன. உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகே 2021 அக்டோபரில் இங்கே ஓட்டுப்பெட்டி வந்தது. உத்திரமேரூர் பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுகள் தனி அலுவலர் ஆட்சி. உத்திரமேரூர் ஒன்றியத்தில் மட்டும் 73 ஊராட்சிகள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்துக்குப் பஸ் ஏற வேண்டும். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாததால் மத்திய அரசின் மானியமும் நின்றது. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பெருமையோடு சொன்னார். அந்த நாளில் உத்திரமேரூரில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை.

அன்று வாரியத்தின் காலம் 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். இன்று ஐந்தாண்டு. காஞ்சிபுரம் மாநகராட்சியில் மேயர் மீது கவுன்சிலர்கள் கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் 2024 ஜூலை 29 அன்று எடுத்துக்கொள்ளப்பட்டபோது, வாக்களிக்க ஒரு கவுன்சிலரும் வரவில்லை. குற்றச்சாட்டு சரியா தவறா என்று ஊர் அறிந்துகொள்ளக்கூட வழியில்லாமல் தீர்மானம் விழுந்தது.

இந்தப் பக்கத்துக் கிராம சபை ஒன்றுக்குப் போயிருந்தேன். மரத்தடியில் வரவு செலவு எழுதிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள்; அதற்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்ததால் கீழ்ப்பாதி தெரியவில்லை. தீர்மானப் புத்தகம் கைக்குக் கை மாறிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. தீர்மானம் இன்னும் எழுதப்படவில்லை. பின்வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்து, "தம்பி, அந்த நாற்காலிய கொஞ்சம் நகத்துப்பா, மோட்டாருக்கு எவ்ளோ போட்டிருக்கீங்கன்னு பாக்கணும்" என்றார். நகர்த்தினார்கள். அவர் படித்துவிட்டு, மோட்டார் ஓடியே ஆறு மாதம் ஆகிறதே என்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் புத்தகத்தைக் கீழே வைத்தார்கள்.