மின்னல் வரும் வழி சென்சார் ஒயர்!

இரவு இடி இடித்திருக்கும். காலையில் மொபைல் ஸ்டார்ட்டருக்கு அழைத்தால் பதில் வராது. தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தால் பியூஸ் நன்றாக இருக்கும், மெயின் சுவிட்சில் கருகல் இருக்காது. கையால் பொத்தானை அழுத்தினால் மோட்டாரும் ஓடும். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு மட்டும் போயிருக்கும். 'மின்னல் கரன்ட் லைனில் வந்துவிட்டது' என்று சொல்லி, சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது போர்டு வாங்குகிறோம்.

பல நேரம் அது வந்த வழி லைன் அல்ல. கிணற்றில் இறங்கும் நீர்மட்ட சென்சார் ஒயரையோ, வயலுக்குப் போகும் வால்வு ஒயரையோ சந்தேகப்படுங்கள்.

மொபைல் ஸ்டார்ட்டர், தானியங்கி சொட்டுநீர் கன்ட்ரோலர் இரண்டிலும் மூளையாக இருப்பது மைக்ரோ கன்ட்ரோலர் என்ற நகம் அளவு சிப். இது 3.3 அல்லது 5 வோல்ட்டில் இயங்குவது. அதன் காலில் அதைவிட ஒரு வோல்ட் கூடினாலே பழுதாகலாம். மின்னல் உங்கள் தோட்டத்தில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்கோ விழுந்தாலும், நீளமாகக் கிடக்கும் ஒயர் ஏரியல் போல அந்த வீச்சைப் பிடித்து நேராகச் சிப்புக்குக் கொண்டு வரும்.

இதற்குத் தடுப்பு, ஒயர் போர்டில் நுழையும் இடத்தில் இருக்க வேண்டும். வரிசையில் ஒரு ரெசிஸ்டர், அதையடுத்து அதிக வோல்ட்டேஜை எர்த்துக்குத் திருப்பும் டி.வி.எஸ். டயோடு, பிறகு ஆப்டோ கப்ளர். ஆப்டோ கப்ளரில் தகவல் ஒளியாக மட்டுமே கடக்கும், மின்சாரம் கடக்காது. ஆனால் சென்சார் பக்கத்துக்கும் சிப் பக்கத்துக்கும் ஒரே பவர் சப்ளை கொடுத்திருந்தால் அதை வைத்தும் பெரிய பயனில்லை. கருவி வாங்கும்போது இதைக் கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால் கம்பெனி சர்வீஸ் ஆளிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது எதிரி பேனலுக்குள்ளேயே இருக்கிறது. ரிலே, கான்டாக்டர், சொலினாய்டு வால்வு ஆகியவற்றின் காயில் அணையும் நொடியில், தன்னிடம் இருந்த காந்த சக்தியை எதிர்த்திசையில் உதைத்துத் தள்ளும். 12 வோல்ட் காயில்கூட நூறு வோல்ட்டுக்கு மேல் உதைக்கும். கன்ட்ரோலர் அடிக்கடி 'ஹேங்' ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். 12, 24 வோல்ட் டி.சி. காயிலாக இருந்தால் 1என்4007 என்ற டயோடு போதும், விலை சில ரூபாய்தான். வெள்ளைக் கோடு உள்ள முனை பிளஸ் பக்கம் வர வேண்டும். ஏ.சி. வால்வுக்கும் கான்டாக்டருக்கும் இந்த டயோடைப் போடவே கூடாது. அவற்றுக்கு அந்த வோல்ட்டேஜுக்கு ஏற்ற எம்.ஓ.வி. அல்லது ஸ்னப்பர் வேண்டும். பேட்டரியில் இயங்கும் லாட்சிங் வால்வுக்கும் டயோடு ஆகாது. பிளஸ், மைனஸை மாற்றிக் கொடுத்துத்தான் அது மூடுகிறது.

எத்தனை தடுப்பு வைத்தாலும், வந்த மின்சாரம் இறங்க எர்த் வேண்டும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். சென்சார் பெட்டிக்கென்று தனியாக ஒரு கம்பி அடித்து எர்த் கொடுப்பது பலர் செய்யும் தவறு. மின்னல் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையே பெரிய வோல்ட்டேஜ் வித்தியாசம் வரும். அது போர்டு வழியாகவே பாயும். பேனல், தடுப்புக் கருவி, ஷீல்டு ஒயரின் வலை எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும். வலையை பேனல் பக்கம் மட்டும் இணைத்தால் போதும்.

நேரடியாக விழும் மின்னலுக்கு இவை தாங்காது. வானம் கறுக்கும்போதே மெயினை அணைத்து, சென்சார், வால்வு ஒயர்களையும் கழற்றி வையுங்கள். இடிச் சத்தம் கேட்ட பிறகு பேனல் பக்கமே போகாதீர்கள்.

மறுநாள் கருவி இயங்குகிறதே என்று விட்டுவிடவும் வேண்டாம். சென்சார் உள்ளீடு மட்டும் கெட்டு, கிணறு வற்றினாலும் 'தண்ணீர் இருக்கிறது' என்றே காட்டக்கூடும். மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிடும். கம்பி சென்சார் உள்ளவர்கள் மெயினை அணைத்து, சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, மீண்டும் மெயினைப் போட்டு, ஆட்டோவில் வைத்துப் பாருங்கள். மோட்டார் ஓடக்கூடாது. ஓடினால் உடனே அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். 415 வோல்ட் இருக்கும் பேனலுக்குள் நீங்களே கை வைக்க வேண்டாம்.